ஃப்ரீலான்ஸ் வேலைக்கு டைமர்: நாளைச் சுற்றுகளாக அளப்பது எப்படி

அலுவலகத்தில் நேரம் தானாக அளக்கப்பட்டுவிடும். பதினோரு மணி டீ, ஒரு மணி சாப்பாடு, ஆறு மணி பஸ். வீட்டில் உட்கார்ந்து ஃப்ரீலான்ஸ் செய்பவருக்கு இந்த மைல்கற்கள் எதுவும் கிடையாது. காலை ஒன்பதுக்கு லேப்டாப்பைத் திறந்தவர் இரவு எட்டுக்கு மூடும்போது "இன்னிக்கு முழுக்க உட்கார்ந்திருந்தேன், ஒண்ணும் முடியலையே" என்பார். பதினோரு மணி நேரம் உட்கார்ந்தது உண்மைதான். உள்ளபடி வேலை நடந்த நிமிடங்களைக் கூட்டினால் மூன்றரை மணி தேறுவதே கஷ்டம்.

டைமர் வைத்து வேலை செய்வதைப் பலரும் கவனச்சிதறலுக்கு மருந்தாகத்தான் சொல்கிறார்கள். அந்தப் பலன் இருக்கிறது. ஆனால் ஃப்ரீலான்சருக்கு அதைவிடப் பெரிய உபயோகம் ஒன்று உண்டு. நீங்கள் விற்கும் சரக்கு நேரம். அதை அளக்க ஒரு படி வேண்டும். அரிசிக் கடைக்காரர் கண்மதிப்பில் கொட்டிக் கொடுத்தால் கடை எத்தனை நாள் ஓடும்? கண்மதிப்பில் டெட்லைன் சொல்லி, கண்மதிப்பில் ரேட் பேசி, கடைசியில் ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்திருப்பதுதான் இந்தத் தொழிலில் சகஜமாக நடக்கிறது. இங்கே சொல்லப்போவது அந்தப் படியைச் செய்துகொள்ளும் விதம்.

அடிப்படைக் கணக்கு

1980-களின் கடைசியில் ரோம் நகரில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்துப் படிக்க ஆரம்பித்ததில் பிறந்த முறை இது. இத்தாலிய மொழியில் தக்காளிக்குப் பொமோடோரோ என்று பெயர். முறைக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு. இப்படி நான்கு முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு. ஒவ்வொரு 25 நிமிடத்தையும் இங்கே ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம்.

நான்கு சுற்றும் நடுவில் மூன்று சின்ன ஓய்வும் சேர்ந்தால் 115 நிமிடம். எட்டுச் சுற்றுக்கு, நடுவில் அரை மணி நேர ஓய்வோடு, 4 மணி 20 நிமிடம் ஆகும். அதில் சுத்தமான வேலை 3 மணி 20 நிமிடம். "ஒரு நாளைக்கு இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஒரு வாரம் எண்ணிப் பார்த்தால், எட்டைத் தொடுவதே பெரிய விஷயம் என்று தெரிந்துவிடும்.

விதி ஒன்றுதான் கறாரானது: சுற்றை உடைக்கக் கூடாது. 18-ஆவது நிமிடத்தில் எழுந்து போய்விட்டால் அது முக்கால் சுற்று ஆகாது, பூஜ்யம். இது தண்டனை மாதிரித் தெரியும். காரணம் வேறு: அரைச் சுற்று, கால் சுற்று என்று எழுத ஆரம்பித்த அன்றே உங்கள் அளவுகோல் கெட்டுவிடும். அதன்பின் அந்த எண்களை நம்பி யாருக்கும் தேதி சொல்ல முடியாது.

முதல் வாரம்: எண்ணுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

தேவையானவை ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு டைமர். டைமராக மொபைலை வைக்காமல் இருப்பது நல்லது. மணியை நிறுத்த மொபைலைக் கையில் எடுப்பீர்கள், திரையில் வாட்ஸ்அப் பச்சை தெரியும், ஐந்து நிமிட ஓய்வு இருபது நிமிடமாகும். பேட்டரியில் ஓடும் சாதாரணச் சமையலறை டைமர் போதும். விண்டோஸ் 11-இல் உள்ள க்ளாக் ஆப்பிலேயே ஃபோகஸ் செஷன் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் வேலை செய்யும். முறுக்கி வைக்கும் டைமர் டிக் டிக்கென்று சத்தம் போடும். குரல் பதிவு செய்பவர்களுக்கும் தூங்கும் குழந்தை பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அது ஒத்துவராது.

நோட்டில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம். இடப்பக்கம் வேலையின் பெயர், வலப்பக்கம் முடிந்த ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பெருக்கல் குறி. சுற்றுக்கு நடுவே மனம் தானாக வேறு பக்கம் ஓடினால் (மின்கட்டணம் கட்டணுமே, அந்த மெயிலுக்குப் பதில் போட்டோமா) ஒரு புள்ளி. வெளியிலிருந்து யாராவது குறுக்கிட்டால் ஒரு கோடு. பாதியில் உடைந்த சுற்றை அடித்துவிட்டு, அப்படி எத்தனை என்றும் எழுதுங்கள். ஒரு நாள் பக்கம் இப்படி இருக்கும்:

கிரைண்டர் கையேடு, பகுதி 2, முதல் வரைவு: × × × × ×
பில், மெயில், பேக்கப்: ×
கிரைண்டர் கையேடு, கலைச்சொல் சரிபார்ப்பு: ×
புள்ளி 11, கோடு 4, அடித்துவிட்ட சுற்று 2

முதல் வாரம் இலக்கு எதுவும் வைக்க வேண்டாம். இந்தக் குறிகளை மட்டும் நேர்மையாகப் போடுங்கள். புள்ளி அதிகமா, கோடு அதிகமா என்பது முக்கியம், ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. புள்ளி அதிகமென்றால் வேலை தெளிவாகப் பிரிக்கப்படவில்லை, அல்லது தலையில் பாரம் கூடுதல். கோடு அதிகமென்றால் வீட்டாரோடும் கிளையன்டோடும் பேச வேண்டிய பேச்சு பாக்கி இருக்கிறது.

வேலையைச் சுற்றுகளாக உடைப்பது

ஒரு வேலைக்கு ஏழு சுற்றுக்கு மேல் ஆகும் என்று தோன்றினால் அது பல வேலைகளின் மூட்டை, பிரித்துவிடுங்கள். ஒரு சுற்றுகூட ஆகாதவற்றை (இன்வாய்ஸ் அனுப்புவது, ஃபைலுக்குப் பெயர் மாற்றுவது, இரண்டு மெயில்) ஒன்றாகக் கட்டி ஒரே சுற்றில் முடியுங்கள்.

கிரைண்டர் கம்பெனி ஒன்றின் பயனர் கையேடு, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, 6,000 சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். கண்மதிப்பில் மதிப்பிடுபவர் போடும் கணக்கு: "ஒரு சுற்றுக்கு 150 சொல் வரும். 40 சுற்று. நாளைக்கு எட்டு. அஞ்சு நாள்ல தரேன் சார்."

படியில் அளந்தால் வேறு கதை. முழுக்கப் படித்துக் கலைச்சொல் பட்டியல் போட 3 சுற்று. கல், உருளி, டிரம், லாக் என்று எதைத் தமிழில் சொல்வது, எதை அப்படியே விடுவது என்ற முடிவு இங்கேதான் நடக்கும். இதைத் தாண்டிக் குதித்தவர் பாதி வழியில் எல்லாவற்றையும் மாற்றி எழுதுவார். முதல் வரைவுக்கு 40. திருத்தத்துக்கு 10. பக்க அமைப்பில் ஏற்றிய பிறகு கடைசி வாசிப்புக்கு 5, ஏனென்றால் தமிழ் எழுத்து உடைவதும் வரி நீண்டு பெட்டியைத் தாண்டுவதும் அப்போதுதான் தெரியும். கிளையன்டிடம் சந்தேகம் கேட்டு வந்த பதிலைப் பொருத்த 2. மொத்தம் 60.

ஒரு நாளின் எட்டுச் சுற்றில் இரண்டு சுற்று மெயில், கணக்கு, புது வேலை தேடல் என்று போய்விடும். மிஞ்சுவது ஆறு. 60-ஐ ஆறால் வகுத்தால் பத்து வேலை நாள், அதாவது ஞாயிறு சேர்த்துக் கிட்டத்தட்ட இரண்டு வாரம். "அஞ்சு நாள்" என்று சொன்னவர் ஐந்தாம் நாள் மாலையில் பாதியில்தான் நிற்பார்.

இப்படிக் குறைத்து மதிப்பிடுவது சோம்பேறிகள் மட்டும் செய்யும் தப்பு என்று நினைக்க வேண்டாம். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இலேயே இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்துவிட்டார்கள். முன்பு இதே போன்ற வேலைக்கு எவ்வளவு ஆனது என்று பார்க்காமல், எல்லாம் ஒழுங்காக நடந்தால் எவ்வளவு ஆகும் என்று கற்பனை செய்வதுதான் கோளாறு. நோட்டில் பழைய பக்கம் இருந்தால் கற்பனைக்கு வேலை இல்லை.

சுற்றுக்குள்

டைமரை அழுத்தும் முன் ஒரு வரி எழுதுங்கள். "கையேடு வேலை" என்று எழுதினால் பத்து நிமிடம் எங்கே ஆரம்பிப்பது என்று தேடுவதில் போய்விடும். "பக்கம் 14, சுத்தம் செய்யும் முறை, 1 முதல் 6 வரை" என்றால் கை நேராக அங்கே போகும்.

மணி அடித்ததும் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் நிறுத்துங்கள். நிறுத்துமுன் அடுத்து என்ன என்பதை மூன்று நான்கு சொல்லில் குறித்துவிடுங்கள்: "6-வது படி, பெல்ட் எச்சரிக்கை, சொல் பார்க்கணும்." சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் கவன எச்சம் என்ற ஒன்றைப் பற்றி எழுதினார்: ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்கு மாறும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே நின்றுவிடுகிறது. விட்ட இடத்தையும் அடுத்த அடியையும் எழுதி வைத்தால் அந்தப் பிடி தளர்கிறது என்பதை அவரே பின்னர் இன்னொருவருடன் சேர்ந்து செய்த ஆய்வு காட்டியது. ஒரே நாளில் இரண்டு கிளையன்ட் வேலை பார்ப்பவர்கள் இந்தக் குறிப்பை விடவே கூடாது. முடிந்தால் ஒரு கிளையன்டுக்கு நான்கு சுற்றை முழுசாகக் கொடுத்துவிட்டு, நீண்ட ஓய்வுக்குப் பிறகு அடுத்தவருக்கு மாறுங்கள்.

20 நிமிடத்திலேயே வேலை முடிந்துவிட்டால்? மிச்ச நேரத்தில் செய்ததையே திரும்பப் பாருங்கள். அடுத்த வேலைக்குத் தாவ வேண்டாம்.

25 நிமிடம் எல்லோருக்கும் சரியா?

இல்லை. மொழிபெயர்ப்பு, எடிட்டிங், கணக்கு வழக்கு, தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் எந்த வேலையும் 25-க்கு நன்றாகப் பொருந்தும். கோடிங் அப்படி இல்லை. ஒரு பிழையைத் துரத்தி நாலு ஃபைல் தாண்டி மனசுக்குள் ஒரு படம் விரிந்திருக்கும்போது மணி அடித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். அதற்கும், விளக்கப்படம் வரைவதற்கும் 50 நிமிடம் வேலை, 10 நிமிடம் ஓய்வு என்று வையுங்கள். நோட்டில் இரண்டு பெருக்கல் குறி. ஆடியோ கேட்டு எழுத்தாக்குபவர்களுக்கு காதும் கையும் சேர்ந்து களைத்துவிடும், 20 நிமிடம் போதும். பார்க்கவே பிடிக்காத வேலையென்றால் முதல் சுற்றைப் பத்து நிமிடமாக வைத்துத் தொடங்கலாம். வீடியோ எடிட்டர்களுக்கு ஒரு சலுகை: ரெண்டர் வேலையை (எடிட் செய்ததைக் கம்ப்யூட்டர் முழு வீடியோவாக ஆக்குவது) ஓட விட்டுவிட்டு நீண்ட ஓய்வை அதன் மேல் ஏற்றிவிடுங்கள்.

52 நிமிடம் வேலை, 17 நிமிடம் ஓய்வு என்ற கணக்கு இணையத்தில் மந்திரம் போல உலவுகிறது. டெஸ்க்டைம் என்ற நேரக்கணக்கு மென்பொருள் நிறுவனம் 2014-இல் தன் பயனர்களில் அதிகம் வேலை முடிக்கும் பத்து சதவீதம் பேரைப் பார்த்துச் சொன்ன சராசரி அது. அதே நிறுவனம் 2021-இல் மறுபடி பார்த்தபோது 112-க்கு 26 என்று வந்தது. மூளை 90 நிமிடச் சுழற்சியில் ஓடுகிறது என்பதும் அப்படித்தான்: தூக்க ஆய்வாளர் நதானியேல் க்ளைட்மன் முன்வைத்த கருத்து, ஆனால் தூக்கத்தில் தெரிகிற அளவு விழிப்பில் அது தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே அடுத்தவர் எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஒரு வாரம் 25, ஒரு வாரம் 50 என்று ஓட்டிப் பார்த்து, எதில் அடித்துவிட்ட சுற்று குறைவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாள் மாற்றினால் மட்டும் கணக்கு நிற்காது.

ஓய்வு என்றால் ஓய்வு

ஐந்து நிமிடத்தில் எழுந்து நிற்கலாம், தண்ணீர் குடிக்கலாம், மாடிப்படி ஒரு தடவை ஏறி இறங்கலாம், ஜன்னல் வழியே தூரத்தில் உள்ள எதையாவது பார்க்கலாம். கண் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு, 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் உள்ளதை 20 விநாடி பார்ப்பது. 25 நிமிடச் சுற்று கிட்டத்தட்ட அதோடு பொருந்திவிடுகிறது. ரீல்ஸ், செய்தி, கிரிக்கெட் ஸ்கோர் மூன்றும் வேண்டாம். அவற்றுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது, கண்ணும் திரையை விட்டு நகராது.

வீட்டில் இருப்பவர்கள் செய்யும் தப்பு வேறு மாதிரி. "அஞ்சு நிமிஷம் இருக்கே" என்று டீ போடப் போவார்கள். பால் காய்ந்து, டீ கொதித்து, ஆற்றிக் குடிக்கப் பன்னிரண்டு நிமிடம். வாஷிங் மெஷின் துணியைக் காயப் போடக் கால் மணி. இவையெல்லாம் நான்காவது சுற்றுக்குப் பின் வரும் நீண்ட ஓய்வுக்கு உரியவை. மதியச் சாப்பாட்டை எந்த ஓய்விலும் சேர்க்காமல் தனியாக ஒரு மணி நேரம் விடுங்கள். சாப்பிட்டு வந்த முதல் இரண்டு சுற்றில் பில், மெயில், ஃபார்மேட்டிங் மாதிரி இலேசான வேலைகள். அந்த நேரத்தில் புது வரைவு எழுத உட்கார்ந்தால் சாயந்திரம் திருத்தும் வேலை இரட்டிப்பாகும்.

"ஃப்ளோ வந்துடுச்சு, பிரேக் வேண்டாம்" என்று காலையில் ஓய்வுகளை விழுங்குபவர் மூன்று மணிக்குச் சாய்ந்துவிடுவார். நோட்டில் இது பளிச்சென்று தெரியும்: மதியம்வரை ஏழு, அதற்குப் பிறகு ஒன்று.

குறுக்கீடுகள்

மனம் ஓடுவதற்கு: தோன்றியதை நோட்டின் அடியில் ஒரு சொல்லில் எழுதி, புள்ளி வைத்து, வேலைக்குத் திரும்புங்கள். பத்து விநாடிகூட ஆகாது. மறந்துவிடுவோமோ என்ற பயம் போனாலே பாதி ஓட்டம் அடங்கும்.

கிளையன்டின் வாட்ஸ்அப்புக்கு சிரில்லோவின் வழி: சொல்லு, நேரம் பேசு, திரும்பக் கூப்பிடு. முன்கூட்டியே ஒரு முறை இப்படி எழுதி அனுப்பிவிடுங்கள்: "வணக்கம் சார். காலை 9.30 முதல் 11.30 வரை வேலையில் இருப்பதால் மெசேஜ் பார்க்க மாட்டேன். 11.30, 2.30, 6.00 மணிக்குப் பார்த்துப் பதில் தருகிறேன். மிக அவசரம் என்றால் போன் செய்யுங்கள்." இரண்டு மணி நேரம் காத்திருக்க முடியாத விஷயம் நூற்றில் ஒன்றுதான். ஆனால் சொன்ன 11.30-க்குப் பதில் போகாவிட்டால் அடுத்த வாரமே பழையபடி தொடர்ந்து மெசேஜ் வரும்.

வீட்டுக்குள் கஷ்டம் கூடுதல். "வீட்லதானே இருக்கே, சிலிண்டர் வந்திருக்கு, கொஞ்சம் பார்த்துக்கோ கண்ணு" என்று அம்மா சொன்னால் டைமரைக் காட்டித் தப்பிக்க முடியாது, தப்பிக்கவும் வேண்டாம். சுற்றை அடித்துவிட்டுப் போய் வாருங்கள். சிலிண்டர், கூரியர், தண்ணீர் கேன் வரும் நேரம் பெரும்பாலும் தெரிந்ததுதான். அந்த நேரத்தில் இலேசான சுற்றுகளை வையுங்கள். குழந்தைகளுக்கு டைமரின் எண்ணைக் காட்டி "இது அடிச்சதும் வருவேன்" என்றால் கேட்பார்கள். அடித்ததும் நிஜமாகவே எழுந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்னதாகவே அறிவிக்கப்பட்டுவிடும். அந்த நாளைக்கு லேப்டாப் பேட்டரியிலோ, லேப்டாப்பே இல்லாமலோ ஓடும் சுற்றுகளை மட்டும் எழுதுங்கள்: காகிதத்தில் திருத்தம், படிப்பு, போன் பேச்சு. ரௌட்டருக்குத் தனியாக ஒரு சின்ன யுபிஎஸ் இருந்தால் திடீர் தடையில் சுற்று உடையாது.

வெளிநாட்டுக் கிளையன்ட் இருந்தால் எட்டுச் சுற்றையும் காலையில் செலவழிக்காதீர்கள். இந்திய நேரத்துக்கும் நியூயார்க்குக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் வித்தியாசம். லண்டனுக்கு நாலரை, ஐந்தரை. அங்கே கடிகாரத்தை மாற்றும் மார்ச், அக்டோபர், நவம்பர் மாதங்களில் உங்கள் மீட்டிங் ஒரு மணி நேரம் நகரும். பகலில் ஆறு, மாலை ஏழு மணிக்கு மேல் இரண்டு என்று பிரிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

சுற்றுக்கு எத்தனை ரூபாய்?

குடும்பச் செலவுக்கு மாதம் 40,000, இண்டர்நெட், மின்கட்டணம், லேப்டாப் தேய்மானம், வரி என்று 8,000. ஆக 48,000 வேண்டும் என்று வைப்போம். காய்ச்சல், கல்யாணம், பண்டிகை போக மாதம் 20 வேலை நாள். நாளைக்குப் பணம் வரும் சுற்று ஆறு. மொத்தம் 120. ஒரு சுற்றின் விலை 400 ரூபாய்.

இப்போது அந்தக் கையேட்டுக்கு வாருங்கள். சொல்லுக்கு ஒன்றரை ரூபாய் என்று ஒப்புக்கொண்டால் 9,000 ரூபாய். 60 சுற்று. சுற்றுக்கு 150 தான் விழுகிறது. 400 விழ வேண்டுமென்றால் சொல்லுக்கு 4 ரூபாய் கேட்க வேண்டும், அல்லது சுற்றுகளைக் குறைக்க வேண்டும். கையேடுகளில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்களை நினைவில் வைத்துத் தரும் மொழிபெயர்ப்பு மென்பொருள், சொந்தக் கலைச்சொல் பட்டியல் இரண்டும் இருந்தால் அதே கம்பெனியின் அடுத்த கையேடு குறைந்த சுற்றில் முடியும். இரண்டுமே நடக்காதென்றால் வேலையை விடலாமா என்று யோசிக்கக் கையில் ஒரு எண்ணாவது இருக்கிறது.

மணிக்கணக்கில் பில் செய்பவர்கள் சுற்றுக்கான டைமரையும் பில்லுக்கான டைமரையும் குழப்பக் கூடாது. ஃப்ரீலான்ஸ் வேலை கிடைக்கும் இணையதளமான அப்வொர்க்கின் டிராக்கர் நேரத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பதிந்து, இடையிடையே திரையைப் படம் எடுக்கும். நீண்ட ஓய்வில் அதை நிறுத்துங்கள். நிறுத்த மறந்து யூடியூப் படம் பதிவானால் விளக்கம் சொல்லும் சங்கடம் உங்களுக்குத்தான். சின்ன ஓய்வு பில்லில் சேருமா என்பதை வேலை தொடங்குமுன் பேசி முடித்துவிடுங்கள்.

வாரம் ஒரு சுற்று, கணக்குப் பார்க்க

சனிக்கிழமை மாலை ஒரு சுற்றை இதற்கு ஒதுக்குங்கள். முடிந்த ஒவ்வொரு வேலைக்கும் ஆன சுற்றை, நினைத்த சுற்றால் வகுங்கள். 60 நினைத்து 78 ஆனால் 1.3. அடுத்த முறை அதே மாதிரி வேலை 30 என்று தோன்றினால் 39 என்று கோட்டேஷன் போடுங்கள். நாலைந்து வேலைக்குப் பிறகு இந்த எண் ஒரு இடத்தில் நின்றுவிடும். வகைக்கு ஒரு எண் வைப்பது அவசியம், கையேட்டுக்கு 1.3 ஆக இருக்கும், விளம்பர வாசகத்துக்கு 2-ஐத் தாண்டும், ஏனென்றால் அங்கே கிளையன்டின் மனமாற்றமும் உங்கள் கணக்கில் ஏறுகிறது.

இந்த நேரத்தில் கவனிக்க வேண்டிய கோளாறு ஒன்று: எண்ணைத் துரத்துவது. எட்டு பத்தாகி, பத்து பதினாலாகிப் பெருமையாக இருக்கும். பக்கத்தைக் கூர்ந்து பாருங்கள். பெரும்பாலும் மெயில் சுற்றும் ஐகான் மாற்றிய சுற்றும்தான் கூடியிருக்கும். பணம் வரும் சுற்றுக்கு வேறு நிறப் பேனா வைத்தால் இந்த ஏமாற்று நடக்காது.

கையில் வேலை இல்லாத வாரத்திலும் நோட்டை மூட வேண்டாம். நாளைக்கு நான்கு சுற்று போதும்: இரண்டு பழைய கிளையன்டுகளுக்கு எழுத, ஒன்று மாதிரி வேலைகளைப் புதுப்பிக்க, ஒன்று வராத பாக்கியைக் கேட்க.